அந்த வண்டி மெதுவாகப் போகட்டும்

ராக்கெட் கிளம்பக் கூடாது என்று தேங்காய் உடைத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ராக்கெட்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது கிளம்பிப் போய் நிலவில் இறங்கிவிட்டால் என் வீட்டுக்காரர் டயாலிசிஸை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார். நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

அவர் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். பெரிய படிப்பு கிடையாது. நானும் கொஞ்ச காலம் தமிழ்ப் பள்ளி, அதன்பிறகு ஃபேக்டரி என்று போனவள்தான். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போனபிறகு வாரத்தில் மூன்று நாள் காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். ஜாலான் புசார் பக்கம் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில், இன்னொரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது டயாலிசிஸ் நிலையம். அங்கே நான்கு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டும். இடக்கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும். அந்தக் கையை அசைக்கவே கூடாது. மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் நாடகம் பார்ப்பார்கள். இவருக்கு இரண்டும் பிடிக்காது. வலக்கை சும்மா கிடப்பதைப் பார்த்து எங்கள் மகள் ஒரு நாள் அவர் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

வானத்துக்குப் போகிற எல்லாவற்றையும் காட்டுகிற ஆப் அது. எந்த ராக்கெட் எப்போது கிளம்புகிறது, எந்தக் கலம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, விண்வெளி நிலையம் இப்போது எந்தக் கடலுக்கு மேலே இருக்கிறது, எல்லாம் வரும். பிடித்த கலத்தை 'ஃபாலோ' என்று அழுத்திவிட்டால் அதைப்பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் போன் அதிரும். அவர் கலம் என்று சொல்ல மாட்டார். எல்லாமே அவருக்கு வண்டிதான். "செவ்வாய்ல நிக்கிற வண்டி இன்னிக்குப் படம் அனுப்பியிருக்கு, ஒரே கல்லு" என்பார், ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப்பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

ஒரு தடவை சாயங்காலம் விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே போகிறது என்று ஆப் சொல்ல, பல மாடி கார் நிறுத்தத்தின் மொட்டை மாடிக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். விளக்குப்போல ஒன்று, சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"ஏன் புள்ள, அதுல மனுசங்கதான் இருக்காங்க."

"இருக்கட்டுமே. நல்லபடியா வீடு திரும்பட்டும்" என்றேன்.

அவர் இடக்கையில், ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் ஒன்று உண்டு. அங்கே விரலை வைத்தால் உள்ளே உர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஓட்டம் நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அது என் வேலை. காலையில் சாமி விளக்கை ஏற்றி, விபூதித் தட்டோடு போய் அவர் நெற்றியில் பூசிவிட்டு, அந்தக் கையைத் தொடுவேன். "ஓடுதா?" என்பார் கண்ணைத் திறக்காமலே. "ஓடுதுங்க" என்பேன். எங்கள் பொழுது அப்படித்தான் விடியும்.

இருதயமும் பலவீனமான பிறகு டயாலிசிஸ் முடிந்து வருகிற நாள்களில் அவரால் உட்காரக்கூட முடியவில்லை. கால் நரம்புகள் இழுத்துக்கொள்ளும். வாந்தி வரும். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்ததை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பொங்கோலில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார், நிலாவுக்கு ஒரு வண்டி கிளம்பப் போகிறது என்று. வழக்கம்போல ஏதோ கதை சொல்கிறார் என்றுதான் நான் தட்டை எடுத்தேன்.

"அது இறங்குறத பாத்துடுறேன். அதுக்கப்புறம் எனக்கு இந்த ஊசி வேணாம்."

மகள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பா, வாட் இஸ் திஸ்? அதுக்கும் டயாலிசிஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றாள்.

"ஒரு சம்பந்தமும் இல்ல. ஏதாச்சும் ஒரு நாளு வேணும்ல. நாளைக்கேன்னு சொன்னா நீங்க விடுவீங்களா?"

அவள் அழுதாள், சண்டை போட்டாள். அடுத்த வாரம் டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் அவரோடு தனியாக வெகு நேரம் பேசினார். யோசித்துத்தான் சொல்கிறார், அவர் உடம்பு, அவர் முடிவு என்றார் எங்களிடம். நான் யாரோடும் வாதாடவில்லை. வாதாடி அவரை ஜெயித்ததும் இல்லை. அந்த வண்டி எப்போது இறங்குகிறது என்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதம் கிளம்பும், போய்ச் சேரக் கொஞ்ச நாள் ஆகும், பிறகு நிலவைச் சுற்றிவிட்டு இறங்கும் என்றார். மகளைத் தனியே கூப்பிட்டு, என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டு அதே வண்டியை ஃபாலோ செய்து கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். தடையை நீக்கச் சொல்லித்தான் எல்லோரும் பிள்ளையாரிடம் போவார்கள். நான் ஒரு சின்னத் தடையை வைக்கச் சொல்லிக் கேட்டேன். அப்பனே, அந்த வண்டிக்கு ஒரு ஆபத்தும் வர வேண்டாம், யாருக்கும் நஷ்டமும் வர வேண்டாம், பஸ் லேட்டாவதுபோல அது கொஞ்சம் லேட்டாகட்டும் என்றேன். லேட்டானால் அர்ச்சனையும் செய்து தேங்காயும் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

கேட்டால் சிரிப்பீர்கள். லேட்டானது. கிளம்புகிற இடத்தில் காற்று சரியில்லை என்று முதல் தடவை தள்ளிவைத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் அந்த 'டிலே' என்ற சொல்லைப் பார்த்தால் தெரியும். கோயிலுக்கு ஓடினேன். இரண்டாம் தடவை ஏதோ ஒரு வால்வு பழுது. மறுபடியும் ஓடினேன். அதற்குப் பிறகு எரிபொருள் கசிந்தது. போன் அதிரும்போதெல்லாம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவேன். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தது என்று டேக்கா சந்தையில் இரண்டு வெங்காயம் கூடுதலாக வாங்குவேன்.

அவருக்குத்தான் எரிச்சல். "இந்த வண்டிக்கு என்னதான் புடிச்சிருக்கு?" என்பார். நான் அர்ச்சனைத் தட்டிலிருந்து தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். அவருக்கு வாழைப்பழம் ஆகாது, தேங்காய் ஆகாது, இளநீர் ஆகவே ஆகாது. எல்லாம் பொட்டாசியம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "உன் சாமி எனக்குக் குடுத்தனுப்புறதெல்லாம் டாக்டர் வேணாம்னதுதான்" என்று கேலி செய்வார். விபூதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

அந்தத் தேங்காய்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. மூன்றாவது தடவை நான் மூடியைத் துருவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நாற்காலியை நிறுத்தினார்.

"வண்டி லேட்டாகும்போதெல்லாம் வீட்ல தேங்கா சட்னியா இருக்கே."

நான் திரும்பவில்லை.

"நீதானா அது?"

துருவுவதை நிறுத்தினேன். அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு நாற்காலியைக் கிட்டக் கொண்டுவந்து என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, அங்கே எத்தனை பேர் வருஷக்கணக்காக உழைத்திருப்பார்கள், அவர்கள் வீட்டிலும் யாராவது கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள் அல்லவா என்று கேட்டார்.

"விட்டுரு புள்ள. போகட்டும்."

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? மறுநாளே போய், வைத்த தடையை எடுத்துவிடு அப்பனே என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று போல நான் எந்தச் சன்னதியிலும் அழுததில்லை.

அடுத்த தடவை அது கிளம்பிவிட்டது. காலையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவர் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த முகம்போல இருந்தது. நெருப்பைக் கக்கிக்கொண்டு அது ஏறுகிற படத்தை மறுபடி மறுபடி காட்டினார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

இனி அந்த வண்டி நல்லபடியாகப் போக வேண்டும் என்று அர்ச்சனை செய்யலாம் என்று தோன்றியது. அது போய்ச் சேர்ந்தபிறகு இவர் மனசு மாறட்டும் என்று ஓர் ஓரத்தில் ஆசையும் இருந்தது. அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே. கிளம்பிய நாள்தானே அதற்குப் பிறந்த நாள் என்று நாள்காட்டியைப் பார்த்தேன். அன்று காலை ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது பிறந்திருந்தது. நம்ம ஊர் நேரப்படி பார்க்கலாம் என்றேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது இங்கயா பொறந்துச்சு? பொறந்த ஊரு நேரந்தான் பாக்கணும். நம்ம மகளுக்கு அப்படித்தானே பாத்தோம்?"

ஆப்பைப் பார்த்து, நேரத்தைக் கழித்துக் கூட்டி, அவரே ஒரு நட்சத்திரத்தைச் சொன்னார். சாமி கும்பிடுகிற விஷயத்தில் அவர் இவ்வளவு அக்கறையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

கோயிலில் குருக்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெயர், என் பெயர், அதன்கீழே ஒரு நட்சத்திரம் மட்டும் இருந்தது. யாருக்கும்மா இது என்று கேட்டார். நிலாவுக்குப் போகிற ஒரு வண்டிக்கு என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"புது கார் வாங்கிண்டு வர்றா, வாசல்ல நிறுத்திப் பூஜை போடறோம். இதுவும் வண்டிதானே" என்றவர், அந்த நட்சத்திரத்தையும் சேர்த்தே சொன்னார்.

அது இறங்குகிற நாள் ஒரு டயாலிசிஸ் நாளாக வந்து சேர்ந்தது. வழக்கமாகத் துணைக்கு வருபவர்கள் வெளியே உட்கார வேண்டும். நர்ஸ் அன்று என்னை உள்ளே விட்டார். நான் அவர் வலப்பக்கம் நின்று போனைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது, நிலவிலிருந்து இன்னும் எவ்வளவு உயரம் என்று. யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த எண் குறையக் குறைய நான் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஆட்டாதே என்றார்.

எண் அப்படியே நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்களும் பேசவில்லை. போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"விழுந்துருச்சு."

டயாலிசிஸ் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வலக்கையால் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "பாவம், அவ்வளவு தூரம் போயி" என்றார். இடக்கை ஊசியோடு அசையாமல் கிடந்தது. அழும்போதுகூட அந்தக் கையை அவர் அசைக்கவில்லை.

நான் முன்பு கேட்டுக்கொண்டதுதான் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று பயந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "உன்னால இல்ல. நீதான் எடுத்துட்டியே" என்றார் மெதுவாக.

திரும்பி வருகிற வழியில் கூரை போட்ட நடைபாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"இறங்குறத பாத்துட்டுத்தானே நிறுத்துறேன்னேன்? இறங்கலையே."

நான் தள்ளுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்.

அன்று சாயங்காலம் ஆப்பைத் திறந்து வேறொரு வண்டியை ஃபாலோ செய்தார். அது முன்பே கிளம்பி, சூரியனைச் சுற்றிச் சுற்றி, வெகு தூரத்தில் இருக்கிற ஒரு பெரிய கிரகத்தின் நிலவுக்குப் போகிற வண்டி. போய்ச் சேர வருஷக்கணக்காகும். அதற்குள் எங்கள் பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். வார இறுதியில் மகள் வந்தபோது அவளிடம் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் உடம்பு அவ்வளவு நாள் வராது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"உன் பிள்ளையார்கிட்ட சொல்லிடு" என்றார் என்னிடம். "இதுக்கு ஒரு அவசரமும் இல்லன்னு."

அதன் நட்சத்திரத்தையும் அவரே பார்த்துச் சொன்னார். ஊசி குத்துவது குறையவில்லை, வாந்தி நிற்கவில்லை, கால் இழுப்பதும் நிற்கவில்லை. அத்தனையும் எனக்காகத்தான் பொறுத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து கையைத் தொடுவேன். "ஓடுதா?" என்பார். "ஓடுதுங்க" என்பேன். "வண்டியும் ஓடுது" என்பார், போனைக் காட்டி.

டயாலிசிஸ் இல்லாத ஒரு காலை. விளக்கை ஏற்றி, விபூதித் தட்டோடு போனேன். நெற்றியில் பூசினேன். கையைத் தொட்டேன். ஓட்டம் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. மகள் போனில் கூப்பிட்டபிறகுதான் எழுந்தேன்.

சாம்பலைக் கடலில் கரைத்தோம். பதினாறாம் நாள் படையல் போடும்போது மகள் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டாள். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கச் சொன்னேன். இளநீர் இரண்டு வெட்டி வைக்கச் சொன்னேன். தேங்காய்ச் சட்னி அரைத்தேன். பெரிய செம்பு நிறையத் தண்ணீரை ஊற்றி அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன், விளிம்பில் தளும்பத் தளும்ப. குடியுங்கள், இனிமேல் யாரும் அளக்க மாட்டார்கள் என்று மனசுக்குள் சொன்னேன். மகள் அந்தச் செம்பைப் பார்த்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அவர் போனை நாங்கள் நிறுத்தவில்லை. படத்துக்குக் கீழே மரப்பலகையில் இருக்கிறது. எப்போதாவது அந்த வண்டியைப்பற்றிச் செய்தி வந்தால் அதிரும். முதல் தடவை அதிர்ந்தபோது நான் கையை அதன்மேல் வைத்தேன். உள்ளே உர்ரென்று ஓடியது. நின்றுவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கப்படி சில மாதம் கோயிலுக்குப் போகவில்லை. போன வாரம்தான் போனேன். கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டு கேட்டபோது, பெயர் சொல்லுங்க ஆன்ட்டி என்றாள் அங்கிருந்த பெண். என் வாயில் முதலில் அவர் பெயர்தான் வந்தது. எழுத ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம்மா, அதை அடித்துவிடு என்றேன். இறந்தவர் பெயரில் அர்ச்சனை செய்வதில்லை. என் பெயரையும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கென்று கேட்க ஒன்றும் இல்லை.

பிள்ளையார் சன்னதியில் குருக்கள் சீட்டையும் என் நெற்றியையும் பார்த்தார். குங்குமம் இல்லாமல் விபூதி மட்டும் இருந்தது.

"வண்டிக்கு மட்டுமாம்மா?"

"ஆமா சாமி. வண்டிக்கு மட்டும்."

அந்த நட்சத்திரத்தைச் சொல்லி அவர் அர்ச்சனையை ஆரம்பித்தார். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று கேட்க நினைத்தேன். போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் காத்திருந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது. மெதுவாகப் போகட்டும் என்று கேட்கலாம் என்றால், அப்படிக் கேட்டு யாரை இனி நிறுத்தி வைக்கப் போகிறேன்? பிள்ளையார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கத் தெரியாமல் நின்றேன்.

கற்பூரத் தட்டு வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டிலிருந்த தேங்காய் மூடியையும் பழத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்தேன்.